இரண்டு தெருவுக்கும் ஒரே மூச்சு

முதலில் குரல்தான் வரும், ஆள் பிறகுதான் வருவார். புன்னைக்காயலில் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றும் நாள் காலையில், கம்பத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் ஒரு சத்தம் கேட்கும். "வணக்கம் கோயில் தெரு, வணக்கம் ஆத்தங்கரைத் தெரு." மற்ற ஊர்களில் மைக்கைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்ப்பார்கள். அவர் எண்ணமாட்டார். எங்கள் ஊரின் இரண்டு தெருவுக்கும் வணக்கம் சொல்லித்தான் மைக்கைச் சோதிப்பார். மறுநாள் அதையே திருப்பிப் போட்டு ஆத்தங்கரைத் தெருவை முதலில் சொல்லுவார். அதற்கு மறுநாள் மறுபடியும் கோயில் தெரு.

பிள்ளைகளே, இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் திருவிழா என்றால் சப்பரம் பாதி, கால்பந்து பாதி. கோயில் தெருப் பையன்களும் ஆத்தங்கரைப் பையன்களும் வருஷம் முழுக்க ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போவார்கள், ஒரே வலையை இழுப்பார்கள். திருவிழா மேட்ச் ஆரம்பித்துவிட்டால் ஒருத்தன் வீட்டுத் தண்ணீரை மற்றவன் குடிக்கமாட்டான். அப்படிப்பட்ட மேட்சுக்கு மைக் பிடித்து வர்ணனை சொல்ல எந்தத் தெரு ஆளை நிறுத்தினாலும் அடுத்த தெரு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் வெளியூர்க்காரரான அவரிடமே அந்த வேலையையும் கொடுத்தார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் ஏரல் பக்கம். தூத்துக்குடி மில்லர்புரத்தில் ரேடியோ செட் கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான சின்ன ஆள். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். கன்னத்தில் எப்போதும் ஒரு பனங்கற்கண்டு ஒதுக்கி வைத்திருப்பார். ஆனால் பந்து கோலுக்குப் பக்கத்தில் போய்விட்டால் போதும், இடது கையால் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் பெருவிரலில் எழும்பி நிற்பார். பந்து வலைக்குள் விழுந்ததும் வரும் பாருங்கள் ஒரு "கோ…ல்", கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கா எல்லாம் கடலைப் பார்த்துப் பறக்கும்.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். திருவிழா நாட்களில் அவருடைய ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது என் பொறுப்பு. அதனால் இதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தது.

அவர் முதல் தடவை வந்த வருஷம் கோயில் தெரு ஒரு கோல் போட்டது. கத்தினார். சந்தோஷம். பிறகு ஆத்தங்கரைத் தெரு ஒரு கோல் போட்டது. அதற்கும் அதே மாதிரி கத்தினார். எங்கள் ஊரில் அப்படி வழக்கமே கிடையாது. எதிராளி கோல் போட்டால் வாயை மூடிக்கொண்டு மணலைப் பார்க்க வேண்டும், அதுதான் மரியாதை. கூட்டத்திலிருந்து யாரோ ஈர மணலை உருட்டி எறிந்தான். அது அவர் சட்டைப் பையில் வந்து விழுந்தது. அவர் பையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "எறிஞ்ச தம்பி யாருன்னு தெரியல. ஆனா நல்ல குறி. இவ்வளவு தூரத்துல இருந்து பைக்குள்ள போட்டிருக்கான். தம்பிக்கு ஒரு கைதட்டு." முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு எறிந்தவனே சிரித்துவிட்டான்.

அடுத்த வருஷம் இன்னொரு பஞ்சாயத்து. அவர்களுடைய கோலுக்கு நீளமாகக் கத்தினீர், எங்கள் கோலுக்குக் கட்டையாகக் கத்தினீர் என்று கோயில் தெரு ஆட்கள் மேடைக்கே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி கோபப்படவில்லை. அந்த கோல் விழும்போது எனக்கு மூச்சு நிறைய இருந்தது, இனிமேல் எண்ணிக் கத்துகிறேன் என்றார். சொன்ன மாதிரியே, அதற்குப் பிறகு கத்தும்போது வலது கை விரல்கள் தொடையில் தாளம் போடும். இரண்டு தெருவுக்கும் ஒரே தாளம், ஒரே மூச்சு.

இதனால் அவருக்கு முதுகெலும்பே கிடையாது என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். காலையில் ஒரு கட்சிக்கு மைக் கட்டுகிறார், சாயங்காலம் எதிர்க்கட்சிக்குக் கட்டுகிறார், இவர் என்ன மனிதர் என்பார்கள். ஆனால் ஒரு கூட்டத்தில் நான் கூட இருந்தேன். பேச வந்தவர் எதிர்க்கட்சி ஆளின் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேச ஆரம்பித்தார். அண்ணாச்சி எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். பேசியவரின் வாய் மட்டும் அசைந்தது. "வையறதுக்கு வேற செட்டு பாருங்க" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். முதுகெலும்பு இல்லாதவர் செய்கிற காரியமா அது?

இப்போது உலகத்து விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் எல்லாம் கைக்குழந்தைகளாக இருந்த ஒரு வருஷம், தூரத்தில் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சண்டையால் ஒரு குறுகலான கடல்வழி அடைபட்டுவிட்டது. வழிக்கு அந்தப் பக்கம், வெளியே வர முடியாமல், சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாகக் கிடந்தன. அதில் ஒரு கப்பலில் என் அக்கா மகன் ஜெரோம் வேலை பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒரு கப்பல்மேல் குண்டு விழுந்து தீப்பிடித்ததை அவனே பார்த்திருக்கிறான். குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள் என்று போனில் சொன்னான். அக்கா அன்றிலிருந்து சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

சண்டை போட்ட இரண்டு நாடுகளுக்கும் பின்னால் உலகத்தின் பெரிய நாடுகள் இரண்டு நின்றன. அவற்றின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் கட்சி பிரிந்துவிடுவீர்கள். அண்ணாச்சி அவற்றுக்கு மேல வீடு, கீழ வீடு என்று பெயர் வைத்திருந்தார். அப்படியே நாமும் வைத்துக்கொள்வோம். "ரெண்டு பெரிய வீட்டுக்காரனும் வேலிக்கு மேல கம்ப நீட்டி, இந்தா அடிலேன்னு கொடுத்தானுவ. இப்ப யாரு விலக்கிவிடுறதுன்னு அவனுவளுக்குள்ள சண்டை" என்பார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் திருவிழா வந்தது. அதே வாரத்தில் கீழ வீட்டுக்காரன் சண்டை போட்ட இரண்டு நாட்டையும் கூப்பிட்டுத் தன் ஊரில் உட்கார வைத்துச் சமாதானப் பேச்சு தொடங்கினான்.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு டிவி உண்டு. மேல வீட்டுப் பெரிய ஆட்கள் அதில் வந்து, இது வெறும் நாடகம், பேர் வாங்குவதற்காகச் செய்கிறான், யாரும் நம்பாதீர்கள் என்று சொன்னார்கள். டீக்கடையிலும் இரண்டு கட்சி. கடைக்காரர் கீழ வீட்டுக் கட்சி. தன் கடையில் மிக்ஸி முதல் டார்ச் லைட் வரை அவன் சரக்குதான் என்பது அவர் நியாயம். மேல வீட்டுக் கட்சிக்குத் தலைவர் அந்தோணி மச்சான்.

அந்தோணி மச்சான் யார் தெரியுமா? என் அக்கா வீட்டுக்காரர். ஜெரோமுடைய அப்பா. ஆத்தங்கரைத் தெரு டீமுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். இளவயதில் அவரும் கப்பலில் போனவர். ஒருமுறை காய்ச்சலில் நினைவு தப்பி, மேல வீட்டுத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிடப்பட்டார். அங்கே ஒரு நர்ஸ் தாய் மாதிரி பார்த்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து அந்த நாட்டை யாராவது ஒரு சொல் சொன்னால் மச்சானுக்குப் பொறுக்காது. அதையும் நாம் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு மேட்சுக்கு முன்னால் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டிவியில் பேச்சுவார்த்தை மேசையைக் காட்டினார்கள். அண்ணாச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீ கிளாஸையே மைக்காகப் பிடித்துக்கொண்டு வர்ணனையை ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாட்டுக்காரனும் மேசைக்கு வந்துவிட்டான், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க மாட்டேன் என்கிறான், அந்தா பார்த்துவிட்டான், பந்து நடு மைதானத்தைத் தாண்டிவிட்டது, கீழ வீட்டுக்காரன் கொண்டுபோகிறான் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடையே குதிக்க ஆரம்பித்துவிட்டது.

மச்சான் கிளாஸை பெஞ்சில் ஓங்கி வைத்தார்.

"நிறுத்தும் அண்ணாச்சி. அவன் கூட்டுன பேச்சு நடக்கப்படாது. நடந்துச்சின்னா உலகத்துக்கே அவன்தான் நாட்டாமைன்னு ஆயிரும். அதுக்கு இது நடக்காமலே கெடக்கலாம்."

அண்ணாச்சி டீ கிளாஸை வாயிலிருந்து இறக்கினார்.

"ஒம்ம மவன் எங்கன நிக்கான் வே?"

மச்சான் முகம் கறுத்துவிட்டது. அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் நடுவில் போனேன். ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் மவனை எடுக்காதிரும். நீரு சொல்லுதீரு, சமாதானம் வந்துரும்னு. அவன் வாக்கு நிக்குமா? பாதி வழியில கப்பல் போவும்போது திரும்பச் சுட ஆரம்பிச்சான்னா எம் புள்ள என்ன ஆவான்? நங்கூரம் போட்டுக் கெடந்தா உசுரோடவாது கெடப்பான்."

அண்ணாச்சி கன்னத்துக் கற்கண்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒதுக்கினார். பிறகு மெதுவாகத்தான் பேசினார்.

"இது பயம். பயத்துக்கு எதுத்து நான் பேசமாட்டேன் அந்தோணி. ஒடைஞ்சாலும் ஒடையலாம். கீழ வீட்டுக்காரன் யோக்கியன்னு நான் எப்ப சொன்னேன்? அவன் சரக்கும் அந்த வழியாத்தான் போவணும், ஆதாயத்துக்குத்தான் வாரான். ஆனா பேரு வாங்கிருவான், அதனால நடக்கப்படாதுன்னீரே, அதுக்குத்தான் கேட்டேன். பந்து வலைக்குள்ள போவுதா இல்லையா, அதை மட்டும் பாரும்."

மச்சான் எழுந்து போய்விட்டார். அதோடு விடவில்லை. திருவிழா கமிட்டியிடம் போய், வர்ணனைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கமிட்டி சிரித்துவிட்டு, கோயில் தெருக்காரர் யாரையாவது போடட்டுமா என்று கேட்டது. மச்சான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். ஆனால் அண்ணாச்சியோடு பேசுவதில்லை. மேடைப் பக்கம் வரவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு நாளும் மேட்சுக்கு முன்னால், இன்றைக்குப் பந்து எங்கே நிற்கிறது என்று உலகச் செய்தியைச் சொல்லுவார். ஒருநாள் பந்து வெளியே போய்விட்டது என்றார். பேச்சிலிருந்து ஒரு நாட்டுக்காரன் எழுந்து போய்விட்டானாம். மறுநாள் த்ரோ போட்டு உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்றார். மாடியிலிருந்து மேட்ச் பார்க்கிற பெண்கள், அண்ணாச்சி, கப்பல் மேட்ச் என்னாச்சு என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. என் அக்காவும் மாடியில் ஒரு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.

பக்கத்து ஊர் டீம்கள் எல்லாம் தோற்றுப்போய் இறுதி மேட்ச் வந்தது. கோயில் தெருவும் ஆத்தங்கரைத் தெருவும்தான், வேறு யார்? இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடற்காற்று கிளம்பி மணல் கண்ணில் அடித்தது. அண்ணாச்சி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தால், படத்தில் ஜெரோம். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போய், ஆனால் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரே ஊதல் சத்தம்.

"மாமா, வழி விட்டுட்டாங்க. நங்கூரம் தூக்குதோம்."

போனை அப்படியே அண்ணாச்சி முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பார்த்தார். இடது கை வேட்டி நுனிக்குப் போனது. கால் பெருவிரலில் எழும்பினார்.

"கோ…ல்!"

பந்து அப்போது நடு மைதானத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பையன் காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கோல் கீப்பர்களும் ஒரே நேரத்தில் திரும்பித் தங்கள் தங்கள் வலைக்குள் பார்த்தார்கள். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதுவதா வேண்டாமா என்று விழித்தார். எங்களுக்குத்தான் கோல் என்று கோயில் தெரு குதித்தது. எங்களுக்குத்தான் என்று ஆத்தங்கரையும் குதித்தது. பிறகு குதித்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்து, ஏமாற்றுகிறாயா என்று சட்டையைப் பிடித்தார்கள். அத்தனை வருஷத்தில் அண்ணாச்சி விழாத கோலைச் சொன்னதே கிடையாது. மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு மேடையைப் பார்த்து ஓடிவந்தார் அந்தோணி மச்சான்.

"சொன்னேம்லா, இவரு ஒருநாள் ஊரை ரெண்டாக்குவாருன்னு. கொடும் அந்த மைக்க."

அண்ணாச்சி மைக்கைக் கொடுக்கவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி அதை மைக்குக்கு முன்னால் பிடித்தார்.

பிள்ளைகளே, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே வரிசையாகக் கிடந்த கப்பல்கள் எல்லாம் சந்தோஷத்தில் ஊதிக்கொண்டிருந்தன. அது கடல் கடந்து, போனுக்குள் வந்து, எங்கள் குழாய் ஸ்பீக்கர் வழியாக புன்னைக்காயல் கடற்கரை முழுக்க விழுந்தது. ஆற்றுமுகத்தில் வலை கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ பெரிய கப்பல் கரை ஏறுகிறதோ என்று எழுந்து கடலைப் பார்த்தார்கள். சட்டையைப் பிடித்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. மாடியில் என் அக்கா மட்டும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் கொடிக்கம்பைக் கீழே போட்டார். போனை வாங்கினார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"ஏலே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்பா."

"வழி யாருலே விட்டது?"

"யாருன்னு தெரியலப்பா. வயர்லெஸ்ல போவச் சொன்னாங்க. போறோம்."

மச்சான் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மீசையில் இறங்கிவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை. பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். எத்தனையோ நாள் கழித்து நேருக்கு நேர்.

"ஆஃப்சைடு கோலுதான் அண்ணாச்சி அது."

"லைன்மேன் கொடி தூக்கலையே வே."

சிரித்தது எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. எல்லா இடத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. மேட்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்த வருஷம் கோயில் தெரு ஜெயித்தது. வழக்கத்துக்கு மாறாக, மச்சான் அதற்காக யாரையும் திட்டவில்லை.

உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. மச்சான் பயந்த மாதிரியே திரும்பவும் சண்டை வந்தது. ஆனால் அதற்குள் ஜெரோமின் கப்பல் மட்டுமல்ல, அங்கே கிடந்த கப்பல்கள் அத்தனையும் வழியைக் கடந்துவிட்டிருந்தன. அவன் ஊருக்கு வந்து அக்கா கையால் மீன்குழம்பு தின்றுகொண்டிருந்தபோதுதான் டிவியில் அந்தச் செய்தி வந்தது.

கொஞ்ச நாளில் மேல வீட்டுக்காரன் முந்திக்கொண்டு சமாதானத்துக்குக் கூப்பிட்டான். இந்தத் தடவை கீழ வீட்டுப் பெரிய ஆட்கள் டிவியில் வந்து, நாடகம், பேர் வாங்கப் பார்க்கிறான் என்றார்கள். போன தடவை மேல வீட்டுக்காரர்கள் சொன்ன அதே வார்த்தை. எங்கள் டீக்கடைக்காரரும் உதட்டைப் பிதுக்கினார். திருவிழாவில் விட்டுப்போன வயரை என்னிடம் வாங்க வந்த அண்ணாச்சி கடை வாசலில் நின்றபடியே, மைக் இல்லாமல், வேட்டி நுனியைத் தூக்கிக்கொண்டு ஒரு "கோல்" கத்தினார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கீழ வீட்டுக்காரனுக்குக் கத்திய அதே நீளம்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெஞ்சில் இருந்த மச்சானுக்கு டீ புரை ஏறிவிட்டது.

இப்போது அண்ணாச்சி எங்கள் ஊருக்கு வருவதில்லை. ஏரலில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரன் பேத்தி சண்டைக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருக்கிறாராம், போனில் சொன்னார். ஆனால் அவர் கடைசியாக வந்த திருவிழாவில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

அன்றும் அதே இரண்டு தெரு. ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. கோயில் தெருப் பையன் ஒருவன் இடது பக்கம் ஓடி, மூன்று பேரை வளைத்து ஏமாற்றிவிட்டு, விழுந்தபடியே ஒரு உதை உதைத்தான். பந்து வளைந்து போய் வலையின் மேல்மூலையில் விழுந்தது. அப்படி ஒரு கோலை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அண்ணாச்சி கத்தினார். கோயில் தெரு மண்ணில் புரண்டது. ஆத்தங்கரைப் பக்கம் வழக்கப்படி எல்லோரும் மணலைப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கைதட்டு கேட்டது.

அந்தோணி மச்சான். இரண்டு கைகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தானே திடுக்கிட்டவர் மாதிரி கையைப் பார்த்தார், அக்கம்பக்கம் பார்த்தார். உள்ளங்கையில் மண் ஒட்டியிருந்ததுபோலத் தட்டித் தட்டி உதறிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேடையிலிருந்து அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் சத்தத்தைக் கூட்டத் தயாராகக் குமிழில் கை வைத்தேன். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். மைக்கை இறக்கி, கன்னத்தில் புதிதாக ஒரு கற்கண்டைப் போட்டுக்கொண்டார். அந்த மைதானத்தில் நடந்தவற்றில் அதை மட்டும் அவர் ஊருக்குச் சொல்லவில்லை.